சூட்டு உடம்பு

"ஜூலை மாசத்துல கோட்டு போட்டுக்கிட்டு தங்கச்சி வீட்டுக்கு வர்ற ஒரே ஆள், இந்த லூசியானாவிலேயே நான்தான்!"

கதவைத் திறந்ததுமே வெர்னா ஆரம்பித்துவிட்டாள். வெளியே தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது. உள்ளே பல் கிட்டியது.

தங்கையின் கணவர் கிளிஃப்டன் கையில்லாத பனியனும் அரை டிராயருமாக சோபாவில் சாய்ந்திருந்தார். போதாததற்கு அட்டை விசிறியால் வேறு விசிறிக்கொண்டிருந்தார்.

வெர்னா சுவரில் இருந்த ஏசி எண்ணைப் பார்த்தாள்.

"அறுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டா! ஊர்ல எல்லாரும் எழுபத்தஞ்சுல வெச்சிருக்காங்க. இது வீடா, இல்லை இறால் வைக்கிற ஐஸ் பெட்டியா?"

"நான் என்ன பண்ணட்டும் வெர்னா? எனக்குச் சூட்டு உடம்பு. சும்மா உட்கார்ந்தாலே ஊத்துது."

சமையலறையிலிருந்து தங்கை எர்லீன் ஐஸ் டீயோடு வந்தாள். தொளதொளவென்று ஒரு கறுப்பு கவுன். தலை நிமிராமல் அக்காவிடம் கிளாஸை நீட்டினாள்.

"என்னடி, கையெல்லாம் ஈரம்?"

"கிளாஸ் வேர்த்திருக்கு அக்கா."

வெர்னா கிளாஸை வாங்கி மேஜையில் டொக்கென்று வைத்தாள்.

"ஆறு வருஷம் ஆச்சு கிளிஃப்டன். இவளை இந்தப் பெட்டிக்குள்ளயே பூட்டி வெச்சிருக்கே. சர்ச்சுக்கு வர்றதில்லை. கேட்டா, அங்கே உனக்கு வேர்க்குமாம். உனக்கு வேர்த்தா நீ வீட்டுல கிட. இவ ஏன் வரக் கூடாது?"

"தனியா இருந்தா எனக்குப் போரடிக்கும்" என்று சிரித்தார் கிளிஃப்டன்.

அந்தச் சிரிப்புதான் வெர்னாவுக்குத் தாங்கவில்லை.

"எர்லீன், பெட்டியை எடு. இந்தக் கோடை முழுக்க என் வீட்டுல வந்து இரு, மனுஷங்களோட மனுஷியா."

எர்லீனின் முகம் மாறியது. "அக்கா... அது வந்து... உண்மையில என்னன்னா..."

"அவ எங்கேயும் வரமாட்டா" என்று கிளிஃப்டன் குறுக்கே விழுந்தார். "அவ போயிட்டா எனக்கு யார் சமைச்சுப் போடறது?"

"கேட்டியாடி? உன் புருஷனுக்கு நீ வேணாம், சமையல்காரிதான் வேணும்! சுயநலத்துக்கு ஒரு உருவம் செஞ்சா, அது இந்தப் பனியனைப் போட்டுக்கிட்டுதான் நிக்கும்."

கதவை அறைந்துவிட்டு வெளியேறினாள்.

காரில் ஏறி உட்கார்ந்து கைப்பையைத் துழாவிய பிறகுதான் தெரிந்தது, மூக்குக் கண்ணாடியை உள்ளேயே விட்டுவிட்டோம் என்று. அறைந்து சாத்திய கதவையே போய்த் தட்ட ஒரு மாதிரியாக இருந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். கண்ணாடிக் கதவைத் தட்டக் கை தூக்கியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே கிளிஃப்டன் தடித்த ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் மாட்டிக்கொண்டிருந்தார். காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். மூக்கு சிவந்திருந்தது.

எர்லீன் மேஜை விசிறிக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். கவுன் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. முடி நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கிளிஃப்டன் அவள் கழுத்தையும் முதுகையும் துண்டால் ஒற்றி எடுத்தார். பக்கத்து நாற்காலியில் மாற்றுவதற்கு உலர்ந்த கவுன் ஒன்று தயாராக இருந்தது.

"எனக்கு வர்ற வேர்வைக்கு நீ எத்தனை வருஷம் திட்டு வாங்குவே?" எர்லீன் அழுதுகொண்டிருந்தாள். "டாக்டர் குடுத்த மாத்திரையும் ஒத்துக்கலை. இன்னைக்காவது அக்காகிட்ட சொல்லியிருப்பேன். நீதான் விடலை."

"அன்னைக்கு சர்ச்சுல நீ எழுந்தப்போ பெஞ்சு நனைஞ்சிருந்தது. யாரோ, 'குழாயைத் திறந்து வெச்சுக்கிட்டா உட்கார்ந்திருந்தே?'ன்னு கேட்டாங்க. வரிசையே சிரிச்சது. அப்புறம் ஒரு வாரம் நீ ரூமை விட்டே வெளியே வரலை. மறந்துட்டியா?"

"யாரோ இல்லை. அக்காதான் கேட்டா. அவ விளையாட்டாத்தான் சொன்னா. அவளுக்கு ஞாபகம்கூட இருக்காது."

"இருக்க வேணாம். தெரிஞ்சா உங்கக்கா மனசு கஷ்டப்படும்." கிளிஃப்டன் துண்டைப் பிழிந்தார். "என்னைத் திட்டட்டும், விடு. திட்டினா எனக்கென்ன வேர்க்கவா போகுது?"

எர்லீனுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

வெர்னா சத்தமில்லாமல் பின்வாங்கினாள். வீட்டுச் சுவரில் கை ஊன்றி, வெயிலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வாசல் பக்கம் போய், வேண்டுமென்றே மணியை இரண்டு முறை அடித்தாள்.

உள்ளே ஓடும் சத்தம். எதுவோ தட்டிவிழும் சத்தம். வெர்னா அவசரப்படுத்தவில்லை.

கதவைத் திறந்தவர் பழையபடி பனியனோடு நின்றார். இரண்டு கைகளிலும் மயிர் குத்திட்டு நின்றது.

"மறுபடியும் திட்டறதுக்கா வெர்னா?" என்றார், வராத வேர்வையை நெற்றியில் துடைத்தபடி.

"இல்லை கிளிஃப்டன். கண்ணாடியை மறந்துட்டேன். அப்புறம் இன்னொரு விஷயம்." வெர்னா கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "உன்னை மாதிரியே எனக்கும் கொஞ்ச நாளா பயங்கரமா வேர்க்குது. இனிமே என் வீட்டிலயும் அறுபதுலதான் வைக்கப்போறேன். புதன்கிழமை பைபிள் வகுப்புக்கு நம்ம பொம்பளைங்க எல்லாரும் அங்கேதான் வர்றாங்க. எவளாவது குளிருதுன்னு முணுமுணுத்தா, என்னைத் திட்டிக்கட்டும்."

கிளிஃப்டன் அவளையே பார்த்தார்.

வெர்னா சமையலறைப் பக்கம் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள்:

"எர்லீனை மட்டும் மறக்காம அனுப்பி வை. அந்தக் குளிரைத் தாங்கறதுக்கு எனக்குத் துணையா ஒரு ஆள் வேணாமா?"