அத்தைக்குச் சொன்ன படம்

திரை சட்டென்று கறுத்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

உச்சக்கட்டம் வேறு. மேளம் இடிக்கிறது, எங்கோ ஒரு கதவு உடைகிறது, வில்லன் சிரிக்கிறான். பார்க்கத்தான் ஒன்றுமில்லை. காலைக் காட்சிக்கு நிரம்பி வழிந்த அரங்கு மொத்தமும் கத்தத் தொடங்கியது.

மருமகள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா நிறுத்திட்ட? நம்மாளு என்ன பண்றான்?" மாமியார் முழங்கையால் அவளை இடித்தார்.

மாமியாருக்குப் பார்வை போய் இரண்டு வருடம் ஆகிறது. நம்மாளு என்று அவர் கொண்டாடும் அந்த நடிகன் மேல் இருந்த பைத்தியம் மட்டும் போகவில்லை. அவன் பாட்டு வெளியான அன்றே அவருக்கு மனப்பாடம். மறுநாள் வீட்டில் பாத்திரம் கழுவுவதுகூட அந்தத் தாளத்தில்தான் நடக்கும்.

முதலில் மகன்தான் தியேட்டருக்குக் கூட்டிப்போனான். "அடிக்கிறான்மா. இன்னொருத்தனையும் அடிக்கிறான்மா." அத்தோடு அவன் வர்ணனை முடிந்து குறட்டை ஆரம்பமாகிவிடும். வேறு வழியில்லாமல் வேலை மருமகள் தலையில் விழுந்தது.

அவள் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். படம் எடுப்பது தொழில், பார்ப்பதுதான் பழக்கமில்லை. எக்ஸ்ரேயில் தெரிவதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லிப் பழகாதவள். முதல் படத்தையும் அப்படித்தான் சொன்னாள். நடக்கிறார், நிற்கிறார், கறுப்புக் கண்ணாடி மாட்டுகிறார்.

மாமியாரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. நம்மாளு கழற்றி வீசிய கண்ணாடி பட்டு வில்லனின் கார் தலைகீழாகப் புரண்டுவிட்டது என்று சும்மா ஒரு போடு போட்டாள்.

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவள் வாயை யாராலும் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது படத்தில் நம்மாளு ஒரு கடலையே நீந்திக் கடந்தான். அதுவரை உப்பு தீர்ந்ததா, பால் வந்ததா என்பதற்கு மேல் பேசாத மாமியாரும் மருமகளும், அந்தக் கடலைப் பற்றி ஒரு வாரம் பேசித் தீர்த்தார்கள். அந்த வாரம்தான் இது தன் வீடு என்று அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது. அன்றிலிருந்தே ஒரு பயமும் ஒட்டிக்கொண்டது. அத்தனையும் புளுகு என்று தெரிந்தால் அத்தை பழையபடி உப்புக்கும் பாலுக்கும் போய்விடுவார்.

இப்போது புளுகுவதற்குக்கூடத் திரையில் ஒன்றும் இல்லை. முழங்கை மறுபடி இடித்தது.

"குதிரை வருது அத்தை," என்றாள்.

கூச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள். வெள்ளைக் குதிரை. சேணம் இல்லை, ஒன்றும் இல்லை. பற்றி எரியும் கட்டடத்தின் மாடிப்படியில் அதன் மேல் உட்கார்ந்தபடி நம்மாளு இறங்கி வருகிறான். பிடரியில் தீப்பொறி விழுகிறது. அவன் அதைக் கையாலேயே தட்டி அணைக்கிறான்.

முன்வரிசையில் ஒருவர் திரும்பி "உஷ்" என்றார். தன்னைத்தான் அதட்டுகிறார் என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சொல்லுங்கம்மா," என்றார் அவர். அவர் அதட்டியது மற்றவர்களை.

அந்த அமைதி ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போயிற்று. மேளம் அவளுக்குக் குளம்படி எடுத்துக் கொடுத்தது. இவள் சொல்லச் சொல்ல, கத்திக்கொண்டிருந்த கூட்டம் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்கோ அழுத குழந்தைகூட அடங்கிவிட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை பேரும் இந்தக் குதிரையைப் பார்க்கிறார்களே என்று மலைத்துப்போனாள். தனக்குள் இவ்வளவு பெரிய குதிரை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

எதிரே பாலம் இடிந்து கிடக்கிறது. குதிரை பாய்கிறது. நடு ஆகாயத்தில் இருக்கிறது.

படம் வந்துவிட்டது.

நம்மாளு லிஃப்டுக்குள் தனியாக நின்று சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான்.

அரங்கு முழுக்க "ச்சே" என்றது. "அக்கா, குதிரை எங்கக்கா?" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. நன்றாக மாட்டிக்கொண்டாள். அத்தையின் பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை.

மாமியார் அவள் காதருகே சாய்ந்தார்.

"நம்மாளு குதிரை ஏற மாட்டான். ஆரம்பத்துல ஒரு தடவை விழுந்து தோள்பட்டை போச்சு, அப்புறம் கிட்டயே போறதில்ல. நீச்சலும் தெரியாது. அவன் ரசிகர்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

அவளுக்கு அந்தக் கடல் முழுக்க நினைவுக்கு வந்தது.

"அப்போ உங்களுக்கு முதல்லேர்ந்தே தெரியுமா அத்தை?"

"தெரியாம?" மாமியார் அவள் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டார். "அவன் படத்தை நான் கண்ணிருந்தப்போவே ஆசை தீரப் பாத்தாச்சு. இப்போ உன் படத்துக்குத்தான்டி வந்துட்டிருக்கேன். சொல்லு, பாலத்தைத் தாண்டிச்சா இல்லையா?"