இரண்டாவது டம்ளர்

பாத்திரம் கழுவும் தொட்டியருகே மூன்று ஒயின் பாட்டில்கள் காலியாக நின்றன. சமையலறை முழுக்க அதே வாடை. அடுப்பில் பெரிய பாத்திரம் நிறையச் சிவப்பாக ஏதோ ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பட்டையும் கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் மேலே மிதந்தன.

“மூணையும் ஊத்திட்டியா?” கூடத்திலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

“ஒரு சொட்டு விடாம ஊத்திட்டேங்க.”

“கொதிக்க விட்டுடாதே, போதையெல்லாம் ஆவியாப் போயிடும். உங்க வீட்டுல கஷாயம்தானே காய்ச்சுவீங்க, உனக்கெங்க இதெல்லாம் தெரியப்போகுது!”

அவருடைய அலுவலக நண்பர்கள் சிரித்தார்கள்.

அவர் கணக்குத் தணிக்கையாளர். ஒரு வாரப் பயிற்சிக்கு வெளிநாடு போய் வந்ததிலிருந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்தச் சூடான மசாலா ஒயின் விருந்து. இது குடி அல்ல, ரசனை என்பார். அந்த ரசனை இரண்டாவது டம்ளரில் விடைபெற்றுக்கொள்ளும். செத்துப்போன மாமனாரைப் போன வருடம் பிச்சைக்காரன் என்றார். விடிந்ததும், ‘போதை பேசுச்சு, நானில்ல’ என்றார்.

அவளுடைய தம்பி சமையலறைக்குள் வந்தான். “இன்னும் எத்தனை வருஷம்க்கா? என்கூடக் கிளம்பி வந்துடு.”

“குடிக்காதப்போ நல்ல மனுஷன்டா. அவர் குணமே இதுதான்னு தெரிஞ்சா, அன்னைக்கே வந்துடறேன்.” அவள் ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினாள்.

“வேணாம்க்கா, வண்டி ஓட்டணும்.”

“ஒண்ணும் பண்ணாது. குடி.”

கூடத்தில் முதல் சுற்று முடிந்தது. “சுர்ருனு ஏறுது!” என்றார் ஒரு நண்பர். இன்னொருவர் உரிய நேரத்தில் தடுமாறி உட்கார்ந்தார். இரண்டாவது டம்ளரில் கணவருக்கு நாக்குக் குழறியது. ஆனால் சொல்லவந்தது ஒன்றும் தவறவில்லை.

“என்ன மச்சான், வேலையில்லாதவனுக்கு ஓசின்னா வாய் இனிக்குதோ?” கூடத்துக்கு வந்திருந்த தம்பியைச் சீண்டிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். “இவளைப் பாருங்கப்பா. இவ அப்பன் என் தலையில கட்டிட்டுப் போய்ச் சேர்ந்துட்டான். அந்த நாற்காலியால இருக்கிற பிரயோஜனம்கூட இவளால இல்ல.”

சபை குலுங்கிச் சிரித்தது. தம்பி எழுந்து வெளியே போனான். அவள் காலி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். “மண்டை வெடிக்குது. காபி கொண்டா.”

அப்போதுதான் வாசலோரம் இருந்த பெட்டியைப் பார்த்தார். குரல் உடனே குழைந்தது.

“நேத்து ஏதாவது உளறிட்டேனா? குடிச்சவன் பேச்சைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு... போதை பேசுச்சும்மா, நானில்ல.”

வெளியே தம்பியின் வண்டி ஹாரன் அடித்தது. அவள் பெட்டியைத் தூக்கினாள்.

“நீங்க குடிச்சது திராட்சை ஜூஸுங்க. நேத்து போதை ஏறினது நம்ம வீட்டுச் சாக்கடைக்கு மட்டும்தான்.”