காமாக்கியாவுக்குப் பூட்டு

இல்ஃபோர்ட் வீட்டுச் சமையலறை மேசையில், நூலகத்தில் இரவல் வாங்கிய குவகாத்தி வழிகாட்டிப் புத்தகம் விரிந்து கிடக்கிறது. பிரம்மபுத்திராவின் படகுத்துறை, ஆற்று நடுவில் தீவுக் கோயில், மலைமேல் காமாக்கியா அம்மன் என்று எல்லாவற்றையும் ஏகாம்பரநாதன் எண் போட்டு ஒரு தாளில் இறக்கியிருக்கிறார். சனிக்கிழமை வெயில் விழுந்த பக்கத்தில் அவர் விரல் அசையாமல் நிற்கிறது. ஜூன் இருபத்திரண்டு முதல் மூன்று நாள் அம்மன் கோயில் பூட்டியிருக்குமாம். இவரும் மனைவியும் அங்கே தங்கப்போவதும் அதே மூன்று நாள்தான். விமானச் சீட்டு மாற்றமுடியாதது. "இதென்ன கோதாரி! திருவிழாவெண்டு சொல்லிப்போட்டுக் கதவைப் பூட்டுறாங்களாம்!" என்று தாளை மேசையில் அடிக்கிறார். தன் தம்பி சிறையிலிருந்து மீண்டால் அந்த அம்மனைக் கும்பிட வருவதாக நேர்ந்துகொண்ட அவர் மனைவி தவநாயகி ஈரக்கையோடு திரும்புகிறாள். சுவரில் தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கலண்டர். அதில் அவளுடைய மாதவிலக்கு நாள்களை வட்டமிட்டு, அவை படாமல் பயணத்தைக் குறித்தவரும் இவரே. "ஏனாம் பூட்டுறது?" என்று கேட்கிறாள். அவர் குரல் இறங்குகிறது. "அம்மனுக்கு அந்த மூண்டு நாளாம்." குழாய் சொட்டுகிறது. தவநாயகிக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக முட்டுகின்றன. "என்ரை நாளை எண்ணின மனுசன், அவவின்ரை நாளை ஒருக்கா விசாரிச்சிருக்கலாமெல்லே? சரி விடுங்கோ, அவவாவது படுக்கட்டும். எனக்கு அந்த மூண்டு நாளிலை வேலையிலை ஒரு ஷிப்ட் குறைஞ்சதில்லை. நான் பூட்டின கதவைக் கும்பிட்டிட்டு வாறன்."