மஞ்சள் வீட்டில் இருந்த மூவர்

காலில் மாவுக்கட்டு போட்டதிலிருந்து தையல்காரருக்குக் கைப்பேசி விளையாட்டில் ஊர் கட்டுவதுதான் பிழைப்பு. கட்டுவதில் தாராளம், இடிப்பதில் கறார். வெட்டிய துணி திரும்ப ஒட்டாது என்று தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. குடியிருப்பவர்கள் காலிசெய்து, ஜன்னல் விளக்கு அணைந்த பிறகுதான் புல்டோசர் பொத்தானைத் தொடுவார்.

அன்று மதியம் பொறுமை போய்விட்டது. புதுச் சாலையை மறித்துக்கொண்டு ஒரு மஞ்சள் வீடு. உள்ளே மூன்று பேர், விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. இடித்துவிட்டார். ‘மூவரும் வேறு வீட்டுக்குக் குடிபோனார்கள்’ என்று திரையில் வந்தது.

ஊரில் ஒரு வீடுகூடக் காலியாக இல்லை. வீடு வீடாகத் தொட்டு எண்ணிப் பார்த்தார். எந்த வீட்டிலும் ஓர் ஆள்கூட அதிகமாகியிருக்கவில்லை. மக்கள்தொகை மட்டும் குறையவே இல்லை.

“அந்த மூணு பேரும் எங்கதான் போய்த் தொலைஞ்சாங்க?” என்று வாய்விட்டே கேட்டார்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “பின்னாடி ரூம்லதாங்க உக்காந்திருக்காங்க. உங்களைத் தெரியும்னாங்க, டீ குடுத்தேன். பாவம், மேலெல்லாம் மஞ்சளா ஒரே தூசி.”

பின்னறையில் யாரோ இருமினார்கள். அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. இந்த வீட்டை எப்ப இடிப்பீங்கன்னு தெரிஞ்சா, மூட்டையைப் பிரிக்கலாமா வேண்டாமான்னு பாப்பாங்களாம்.”