லோமேயிலிருந்து டக்காருக்கு

நோர்வேயில், ரொம்சோஸ் அடுக்குமாடியின் ஏழாம் தளத்தில், பனிக்கால வெயில் கணினித் திரையில் சரிந்து விழுகிறது. யதுர்ஷா கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு விமானச்சீட்டுப் பக்கத்தை வாசிக்கிறாள். “லோமேயிலையிருந்து டக்காருக்கு பிளேனிலை மூண்டு மணித்தியாலம்தான் அம்மா.” வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த உதயகுமாரியின் கத்தி நிற்கிறது. முன்பு அகதியாக நோர்வேக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரன் அவளை லொறி லொறியாக மாற்றி ஏற்றி, அந்தத் தூரத்தை நாலு மாதம் இழுத்தடித்தான். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே, தறப்பாளுக்கு அடியில், இருமலைக்கூட விழுங்கிக்கொண்டு கிடந்தாள். சோபாவிலிருந்து கணவர் தர்மலிங்கம் எழும்புகிறார். கையில் கனடாவிலிருந்து வந்த, அவருடைய தங்கை மகளின் கலியாணக் காட். “உமக்கென்ன விசரே? சனம் லீவுக்குக் கனடா போகுது, நீர் ஆபிரிக்காவுக்கோ? அங்கை ஆர் இருக்கினம் உமக்கு?” “ஒருத்தரும் இல்லை. கலியாணத்துக்கு நீங்கள் போயிட்டு வாங்கோ.” அவள் கையைத் துடைக்காமலே திரைக்கு முன்னால் வந்து நிற்கிறாள். அதிலுள்ள வரைபடத்தில் இரண்டு ஊர்களையும் ஒரு மெல்லிய நீலக்கோடு இணைக்கிறது. வெங்காயம் மணக்கும் விரலை அதன் ஒரு முனையில் வைத்து மறுமுனைவரை அழுத்தி இழுக்கிறாள். திரையில் ஈரத்தடம் மினுங்குகிறது. “இவ்வளவு நிலத்தையும் தாண்டி வந்தனான். ஒரு மரத்தைக்கூடக் காணேல்லை.” தர்மலிங்கம் கலியாணக் காட்டை மேசையில் வைக்கிறார். மகள் தகப்பனைப் பார்க்கவில்லை. “விண்டுஸ்பிளாஸ், யன்னல் சீற் போடட்டோ அம்மா?” “ஓம் பிள்ளை. பிளேன்ரை செட்டை மறைக்காத யன்னலாப் பார்.”