டேனியின் ஐந்து ரசிகர்கள்

ஆரணி பட்டுப்புடவைக் கடை ஒன்றில் விற்பனையாளராக இருக்கும் தனகோடி, டிரம்மர் டேனிக்காக வாட்ஸ்அப்பில் ரசிகர் குழு நடத்திவந்தான். அவனையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர். டேனியின் கல்யாணக் கச்சேரி ஒலிப்பதிவுகளையும், விசைத்தறிச் சத்தத்தோடு அவர் தனியாக வாசித்துப் பார்த்த சோதனைகளையும் தவறாமல் போடுவான். "என்னா அடி! மனுசனா இவரு?" என்று முதல் ஆளாக எழுதுவதும் அவன்தான்.

போளூர் கச்சேரிப் பதிவைக் கேட்டுவிட்டு, குழுவில் இருக்கும் சந்தனா தெள்ளாரிலிருந்து போன் செய்தாள்.

"அண்ணா, தறி சத்தத்தோட வாசிச்சது சூப்பரு. ஆனா போளூர்ல ரெண்டாவது பாட்டுல தாளம் ஓடிப்போச்சே?"

தனகோடிக்குச் சுருக்கென்றது. "அன்னிக்கு நூத்திரெண்டு டிகிரி ஜுரம்மா! மாத்திரைய போட்டுகினு வாசிச்சேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சந்தனா சிரித்தாள். "நீங்கதான் டேனின்னு எங்க நாலு பேருக்கும் எப்பவோ தெரியும்ணா. எல்லா கச்சேரி பதிவுலயும் டிரம்ஸ் மட்டும்தான் கேக்குது, பாடறவங்க குரலே காணோம். அவ்ளோ பக்கத்துல வேற யாரு போனை வெப்பாங்க?"

இரண்டு வருடமாகத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டதை நான்கு பேர் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்! தனகோடிக்குக் காதெல்லாம் சூடாயிற்று.

"குரூப்பையே கலைச்சிடட்டுமாம்மா?" என்றான் மெல்ல.

"ஐயோ, வேணாம்ணா! நாங்க நெஜமாவே ரசிகருங்கதான். அடுத்த கச்சேரி எங்கன்னு சொல்லுங்க, நாலு பேரும் வந்துடறோம். இந்த வாட்டி மேடைக்குக் கீழ நின்னு நானே ரெக்கார்ட் பண்றேன். எங்களுக்குப் பாட்டும் கேக்கணும்ல?"