தூண்டில் இல்லாமல் வந்தவர்

மலை ஓடையில் ஒரு டிரவுட் மீனும் ஒரு நண்டும் பக்கத்துப் பக்கத்துக் கல்லுக்கடியில் குடியிருந்தன. மீனின் உதட்டில் பழைய தூண்டில் காயம் ஒன்று இருந்தது.

ஒருநாள் காலை தூண்டில்காரர்கள் நாலைந்து பேர் சாக்குகளோடு வந்து, ஓடையில் கிடந்த பாட்டில்களைப் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

"சம்பளம்கூடக் கிடையாதாம். நல்ல மனுசங்க," என்றது நண்டு.

"என் உதட்டைக் கிழிச்ச போஜன்தான் முன்னாடி நிக்கிறான். தூண்டிலை வீட்ல வச்சுட்டு வந்தா வேற ஆளாயிடுவானா?" என்றது மீன்.

போஜன் தண்ணீரில் இறங்கியதும் மீன் பதறி ஓடியது. ஓடிய வேகத்தில், யாரோ திருட்டுத்தனமாகக் கட்டிவைத்திருந்த வலையில் மாட்டிக்கொண்டது. போஜன் கத்தியால் வலையை அறுத்தார். மீனைத் தண்ணீருக்குள்ளேயே, அதற்கு மூச்சு திரும்பும்வரை ஒரு கையால் பதமாகப் பிடித்து, மறு கையின் விரல்களை அதன் முதுகின் மேல் விரித்து வைத்திருந்தார்.

"பொழச்சுக்கோ ராசா," என்று சொல்லி விட்டுவிட்டு, வலையைச் சுருட்டிச் சாக்கில் போட்டார்.

"இப்பவாவது நம்புறியா?" என்றது நண்டு.

மீன் தன் கல்லுக்கடியில் புகுந்துகொண்டு சொன்னது:

"காப்பாத்தினான், இல்லேங்கல. ஆனா சாண் போட்டு அளந்து பார்த்துட்டுத்தான் விட்டான்."